மொட்டை மாடியில் ஒரு தாம்பாளம்

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. டிவி ஓடினால்தான் வாயைத் திறப்பாள். ஒரு மஞ்சள் வாத்துக் குட்டி குளத்தில் தொப்பென்று விழுந்து, எழுந்து, மறுபடி நடக்கிற கார்ட்டூன் அது. வாத்து நடக்கும் வரை அவள் வாய் திறந்திருக்கும். நான் பருப்புச் சாதத்தை உருட்டி உள்ளே வைத்துக்கொண்டே இருக்கலாம். விளம்பரம் வந்தால் மூடிக்கொள்ளும். அதற்குள் சாதம் ஆறிவிடும். எழுந்துபோய்ச் சூடாக்கிக்கொண்டு வந்தால் வாத்து பாதித் தூரம் போயிருக்கும். முடிந்ததும் கிண்ணத்தில் மிச்சம் இருப்பதைப் பார்த்து, உள்ளே போனது எவ்வளவு என்று மனத்துக்குள் கழித்துப் பார்ப்பேன். நான் கணிதம் படித்தவள். குழந்தை பிறக்கும் வரை பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். பிறந்த பிறகு எனக்கு மிஞ்சியது இந்தக் கழித்தல் கணக்கு ஒன்றுதான்.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளைக் காட்டிக்கொண்டிருந்தோம். தொடர்ந்து இரண்டு முறை எடை ஏறவே இல்லை. பொங்கலுக்கு முன்னால் போனபோது குழந்தை மருத்துவர் அவளுடைய கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பொங்கல் முடிஞ்சு கூட்டிட்டு வாங்கம்மா. அப்பவும் ஏறலன்னா ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் பாத்துடலாம்."

'ஒண்ணும் இருக்காது' என்றது அங்கேயே நின்றுவிட்டது. 'இருந்தாலும்' மட்டும் பஸ்ஸில் ஏறி வீடு வரை என்னுடன் வந்தது. போனைக் காட்டி ஊட்டாதீர்கள் என்றும் சொன்னார். டிவியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. அன்று சாயங்காலமே போனில் வைத்திருந்த வாத்துகளை எல்லாம் அழித்துவிட்டேன். அழித்த பிறகு, ஒன்றையாவது விட்டு வைத்திருக்கலாமோ என்று தோன்றியது.

பொங்கல் விடுமுறைக்கு வக்கான்ஸ் வீட்டுக்குப் போவதென்று அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. என் கணவரின் பெரியப்பா பிரான்சில் இருக்கிறார். புதுச்சேரிக்குத் தெற்கே, ஆறு கடலில் சேருகிற இடத்தையும் தாண்டி, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் மணலில் ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறார். விடுமுறைக்கு பிரெஞ்சில் வக்கான்ஸ் என்று பெயர். அவர் சொல்லிச் சொல்லி எங்கள் எல்லாருக்கும் அது வக்கான்ஸ் வீடு ஆகிவிட்டது. அவர் எப்போதாவது குளிர்காலத்தில் வந்து தங்குவார். மற்ற நேரத்தில் சாவி எங்களிடம். பூட்டியே கிடந்தால் உப்புக்காற்றில் வீடு வீணாகிவிடும் என்பதால், நாங்கள் போய்த் தங்குவது அவருக்கு நாங்கள் செய்கிற உதவி என்று வீட்டில் பேச்சு. உதவிக்கு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரிக்கு முன்னால் கிடைக்கிற ஒரு வாரம் இது, வீட்டிலேயே இருந்து நேரத்துக்கு ஊட்டினால் கொஞ்சமாவது ஏறுமே என்று நினைத்தேன். கடல் காற்று பட்டால் குழந்தைக்குப் பசிக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதுவும் சரியாகத்தான் பட்டது.

கிளம்பும்போது நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"அங்க டிவி வருமில்ல?"

"வரும், வரும். போன வருஷம்தானே டிஷ் மாட்டினோம்" என்றார் கணவர்.

வரவில்லை. பையைக்கூடப் பிரிக்காமல் நான் முதலில் டிவியைத்தான் போட்டேன். 'சிக்னல் இல்லை' என்று திரையில் எழுத்து வந்தது. மகள் அதன் முன்னால் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "வாத்து" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

போனில் பார்க்கலாம் என்றாலும் வழியில்லை. அந்த வீட்டில் போன் செத்த மாதிரிதான் கிடக்கும். ஒரு வார்த்தை பேசுவதற்கே மணல் பாதையில் தார் ரோடு வரைக்கும் நடக்க வேண்டும்.

மதியம் அவள் சாப்பிட்டது நான்கு வாய். நான்காவதைத் துப்பிவிட்டாள் என்பதால் மூன்று. மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. ஆலை மூடிப் பல வருடங்கள் ஆகியும் அது இறங்கவே இல்லை. அடுத்த அறையில் இருப்பவரிடம் உப்பு கேட்டால் தெருக்கோடியில் இருப்பவர் எடுத்து வருவார் என்று கணவர் கேலி செய்வார்.

"டேய், மேல ஏறி என்னான்னு பாரேன்டா. புள்ள வாத்து வாத்துன்னு உசுர வுடுது."

கணவர் ஏறினார். பின்னாலேயே நானும் ஏறினேன். மொட்டை மாடியில் இரண்டு டிஷ்கள். ஒன்று, பிரெஞ்சு சேனல் பார்ப்பதற்காகப் பெரியப்பா மாட்டியது. ஓர் ஆள் அதற்குள் சுருண்டு படுக்கலாம், அவ்வளவு பெரியது. இன்னொன்று எங்களுடைய சின்னது. மழைக்காலத்துக் காற்றில் சின்னது திருகிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி இருந்தது. பெரியது கொஞ்சமும் அசையாமல் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவ்ளோதான் விஷயம். பெருசு எந்தப் பக்கம் பாக்குதோ, சின்னதையும் அப்படியே திருப்பி வெச்சுட்டா முடிஞ்சுது" என்றார் கணவர்.

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டும் டிஷ், வானம் ஒன்று. இரண்டையும் இணைகோடாக வைக்க நானே ஒரு சவுக்குக் குச்சியை நீட்டிப் பிடித்துச் சரிபார்த்தேன். மதியம் முழுக்க அதில் போனது. கீழே மாமியார் டிவி முன்னால் உட்கார்ந்து, "வரல… வரல… ம்ஹூம், வரல" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் கணவர் தார் ரோட்டுக்கு நடந்துபோய், டிஷ் மாட்டிய மெக்கானிக்குக்கு போன் செய்துவிட்டு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"என்னவாம்?"

"பொங்கல் முடிஞ்சுதான் வருவாராம்."

"வேற என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பெரியப்பா டிஷ் பிரெஞ்சு சேனல் வர்ற சாட்டிலைட்ட பாக்குதாம். நம்மளது வேற திசையாம். ஊருக்குள்ள போயி எந்த வூட்டு டிஷ்ஷையாவது பாத்துட்டு வந்து அதே மாதிரி வைங்கறாரு."

மாமியார் கையைத் தட்டினார். "அதானே பாத்தேன்! உன் பெரியப்பன பாத்து நடந்தவன் எவன்டா உருப்பட்டான்?"

கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய், ஊருக்குள் டீக்கடை மேல் இருந்த டிஷ்ஷைப் போட்டோ எடுத்து வந்தார். டிஷ் தெளிவாக விழுந்திருந்தது. அதில் துரு ஏறிய இடம் வரைக்கும் தெரிந்தது. திசைதான் தெரியவில்லை.

"இதுல கடல் எந்தப் பக்கம்?" என்றேன்.

"கடல்… எனக்குப் பின்னால. இல்ல, இரு. டீ கிளாஸ் இந்தக் கையில இருந்துச்சு…"

"டீ வேற குடிச்சியா நீ?" என்றார் மாமியார்.

கணவர் மறுபடி பைக்கை எடுத்தார்.

மறுநாள் காலையில் வேலை ஒழுங்காகத் தொடங்கியது. கணவர் மாடியில் டிஷ்ஷைத் தெற்கே திருப்பி, கிட்டத்தட்ட வானத்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரி வைத்து, ஒரு நூல் அளவு இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டிருந்தார். கீழே நான் டிவியில் சிக்னல் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்தேன். நீலத் திரையில் இரண்டு பட்டைகள். மேலே உள்ளது அசையாது. கீழே உள்ளதுதான் முக்கியம். அது சிவப்பாகக் கொஞ்சம் ஏறும், மஞ்சளாகும், பச்சையைத் தொடப் போகும்போது பொத்தென்று விழும். மாமியார் அதைப் பார்த்து மாடிக்குச் சேதி சொன்னார். அவர் குரல் இருக்கும்போது போன் எதற்கு?

"ஏறுது! ஏறுது, ஏறுது, ஏறுது… போச்சு!"

மேலிருந்து, "இப்ப?"

"அங்கதான்! அங்கதான்டா! அசையாத! ஏறுது… அடச்சே, போச்சு!"

நான் கேழ்வரகுக் கஞ்சிக் கிண்ணத்துடன் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நம்பிக்கை எதுவும் இல்லை. பட்டை எப்போது நிலைக்கும், வாத்து எப்போது வரும் என்று நானும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தன்பாட்டுக்குக் கரண்டியைக் கொண்டுபோனது. எவ்வளவு நேரம் கழித்தோ கரண்டி கிண்ணத்தின் அடியில் கரகரவென்று உரசியது. குனிந்து பார்த்தேன். கஞ்சி இல்லை. முதலில் கீழே கொட்டிவிட்டாளோ என்று பாயைத் தடவிப் பார்த்தேன். பாய் காய்ந்திருந்தது.

"அத்தை, முழுசா குடிச்சிட்டா."

"யாரு?" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகுதான் புரிந்து திரும்பினார். மகள் திரையைக் காட்டி, "போச்சு!" என்று கத்திவிட்டுச் சிரித்தாள்.

மத்தியானமும் அப்படியே. மாமியார் 'ஏறுது' என்றால் அவள் வாயைத் திறப்பாள். 'போச்சு' என்றால் சிரித்துவிட்டு மெல்லுவாள். முட்டை போட்டுப் பிசைந்த சாதம், நெய் விட்டது, ஒரு பருக்கை மிச்சமில்லை. சாயங்காலம் பட்டை பச்சையில் ஏறி நின்றது. படம் அப்பழுக்கில்லாமல் வந்தது. கணவர் கீழே இறங்கி வந்து, வெயிலில் கறுத்த முகத்துடன், ஏதோ பந்தயம் ஜெயித்தவர் மாதிரி டிவி முன்னால் நின்றார். மாமியார் தன் சீரியலை ஒரு நாள் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்ததும் வாத்தைப் போட்டு இட்லியைப் பிட்டேன். மகள் வாயைத் திறக்கவில்லை. வாத்து குளத்தில் விழுந்தது, எழுந்தது. அவள் ரிமோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"ஏறுது போடு."

"வாத்து பாரு கண்ணு. நம்ம வாத்து."

"வாத்து வேணா. ஏறுது."

சிக்னல் பக்கத்தைத் திறந்தேன். பட்டை முழுக்கப் பச்சையாக, ஆடாமல் நின்றது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏறல" என்று உதட்டைப் பிதுக்கினாள். அன்று அரை இட்லி.

எனக்கு உட்கார முடியவில்லை. பாத்திரம் தேய்த்தேன், தேய்த்ததையே திரும்பக் கழுவினேன். பழைய பழக்கம் போயிற்று, புதிய பழக்கத்தை நாங்களே சரிசெய்து தொலைத்தோம், ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. காலையில் கணவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"என்னங்க, மேல போயி டிஷ்ஷ லேசா திருப்பறீங்களா?"

"எதுக்கு? நல்லாத்தானே வருது."

"நல்லா வருதுன்னுதான்."

அவர் மாடிப் பக்கம் கையைக் காட்டினார். "ரெண்டு நாளு வெயில்ல நின்னு புடிச்சிருக்கேன். டீக்கடைக்காரன் என்னைப் பாத்தாலே 'வாங்க டிஷ் சார்'ங்கறான். இப்ப நானே அத கெடுக்கணுமா?"

"ஒரு வேளைக்கு மட்டும்."

"அம்மாவுக்கு சீரியல் போச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

அதற்கு மேல் கேட்க எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கீழே பட்டை விழுந்தது, உடனே ஏறியது, மறுபடி விழுந்தது. நான் வெளியே ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன். அவர் டிஷ்ஷைத் தொடவே இல்லை. அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மூக்கின் குறுக்கே வெறும் கையை வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்குப் படைத்த பித்தளைத் தாம்பாளத்தைக் கொடுத்தேன். அது இன்னும் நன்றாக மறைத்தது. தாம்பாளத்தை வைத்தால் 'போச்சு'. எடுத்தால் 'ஏறுது'. மகள் கஞ்சியைக் குடித்தாள். கணவருக்கும் அதில் ஒரு ருசி வந்துவிட்டது; மேலிருந்து, "வெக்கவா? எடுக்கவா?" என்று ராகம் போட்டுக் கேட்டார்.

விடுமுறை அவருக்கு அன்றோடு முடிந்தது. தொழிற்பேட்டையில் ஷிப்டு. மறுநாள் விடியற்காலையில் பைக்கில் கிளம்பினார். வார முடிவில் வந்து எங்களை அழைத்துப் போவதாக ஏற்பாடு. பைக் சத்தம் சவுக்குத் தோப்பைத் தாண்டுவதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. இனி மாடிக்குப் போவது யார்?

மாமியாருக்கு முழங்கால் வலி. படி ஏறமாட்டார். மாடிக்குக் கேட்கிற குரலும் அவருடையதுதான். அப்படியானால் தாம்பாளத்துடன் நான் மேலே, கிண்ணத்துடன் அவர் கீழே. வேறு எப்படிப் போட்டுப் பார்த்தாலும் விடை இதுதான் வந்தது.

பிறந்ததிலிருந்து என் மகளுக்கு வேறு யாரும் ஊட்டியதில்லை. யாரும் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. எப்படி உருட்ட வேண்டும், எந்தக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள், எப்போது தண்ணீர் கொடுத்தால் வாந்தி வராது என்று மாடிப்படியில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"நீ போம்மா. எனக்கென்ன சோறு தெரியாதா?" என்றார் மாமியார். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, எப்போதும் இல்லாத சின்னக் குரலில், "என் புள்ளைக்கு நான் ஊட்டினதே இல்ல. ஷிப்டு. அவன் எழுந்திருக்கறதுக்குள்ள நான் போயிடுவேன், நான் வர்றதுக்குள்ள அவன் தூங்கிடுவான். எங்க நாத்தனாதான் எல்லாம்" என்றார்.

மேலே கடற்காற்று. புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு தாம்பாளத்தை வைத்தேன், எடுத்தேன். கீழேயிருந்து குரல் வந்தது. "போச்சு! … ஏறுது, ஏறுது!" நடுவில் மகளின் சிரிப்பு. ஆனால் வாய்க்குள் போகிறதா? அது தெரியவில்லை. நான்கு முறைக்கு ஒரு முறை கைப்பிடிச் சுவரில் குனிந்து கத்துவேன்.

"வாங்கினாளா அத்தை?"

"நீ தட்ட எடு!"

"துப்பினாளா?"

"எடும்மான்னா!"

முடிந்ததும் இறங்கி வந்தால் கிண்ணம் காலியாக, கழுவிக் கவிழ்த்து இருக்கும். கழுவாமல் வைத்திருந்தாலாவது விளிம்பைப் பார்த்து ஏதாவது கண்டுபிடிக்கலாம். மகளின் வாயை முகர்ந்து பார்த்தேன். பின்பக்கம் போய்க் காக்கைகள் எங்கே கூடுகின்றன என்றுகூடப் பார்த்தேன். அப்படிப் பார்த்தது எனக்கே பிடிக்கவில்லை. மூன்று வேளையும் சம்பளம் இல்லாமல் என் பிள்ளைக்கு ஊட்டுகிறவரை நான் காக்கையை வைத்துச் சோதிக்கிறேன். ஆனாலும் அடுத்த வேளையும் பார்த்தேன்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள் மதியம். மேலே வெயில் சுள்ளென்று இருந்தது. தாம்பாளத்தை வைத்தேன். "போச்சு!" எடுத்தேன். "ஏறுது!" கொஞ்ச நேரம் சரியாகத்தான் போனது. பிறகு கை வலித்ததால் தாம்பாளத்தை மூக்கின் மேலேயே சாய்த்து வைத்துவிட்டு, விரல்களை உதறிக்கொண்டிருந்தேன். கீழே, "ஏறுது, ஏறுது, ஏறுது!" என்று கேட்டது.

நான் தாம்பாளத்தைப் பார்த்தேன். அது அங்கேயே இருந்தது. மறைத்துக்கொண்டுதான் இருந்தது. பட்டை எப்படி ஏறும்?

எடுத்தேன். கீழே, "போச்சு!"

வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. அப்படியே காத்திருந்தேன். "ஏறுது…" என்று நிதானமாக ஆரம்பித்தது குரல்.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தாம்பாளம் கையிலேயே இருந்தது. கூடத்தில் மின்விசிறி நின்றிருந்தது. டிவி கறுப்பாக இருந்தது. அதன் முன்னால் இருவரும் முட்டிக்கு முட்டி இடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் ஒரு கையில் மீன் குழம்புச் சாத உருண்டையைப் பிடித்துத் தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். "ஏறுது, ஏறுது." மகள் வாயை அகலத் திறந்து, கழுத்தை நீட்டி, அது வருவதற்காகக் காத்திருந்தாள். நான் ஊட்டும்போது அவள் வாய் அப்படித் திறந்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

அப்போது அவள் என்னைப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். உருண்டை அவள் உதட்டில் பட்டு மாமியார் மடியில் விழுந்தது.

"ஏன் வந்த?" என்றார் மாமியார். கோபமாக இல்லை. பாதியில் விழுந்த உருண்டையைப் பார்த்து வருத்தமாகத்தான் கேட்டார்.

"கரண்ட் எப்ப போச்சு?"

"நீ மேல போன கொஞ்ச நேரத்துலயே."

"சொல்லவே இல்லையே அத்தை. நான் வெயில்ல தட்ட வெச்சு எடுத்து…"

"சொன்னா நீ எறங்கி வந்துடுவியே."

அவர் மடியில் விழுந்ததைப் பொறுக்கிக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தார்.

"நேத்தும் கரண்ட் இல்லதான். கோச்சுக்காதம்மா. நீ பக்கத்துல இருந்தா அவ வாய மூடிக்கிறா. நான் என்னா பண்ணட்டும்? ஒவ்வொரு வாய்க்கும் நீ அவ மூஞ்சிய பாக்கற, அவ உன் மூஞ்சிய பாக்கறா. எனக்கு ஒண்ணும் தெரியாது. இதுதான் சரின்னும் சொல்லல. பாத்தத சொல்றேன்."

என் முகத்தில் என்ன இருந்திருக்கும்? கண்ணாடி எதுவும் அருகில் இல்லை. இருந்திருந்தாலும் பார்த்திருப்பேனா என்று தெரியாது. இல்லை அத்தை, அவளுக்குச் சின்ன வாய், அவளுக்குத் தொண்டை கூச்சம் என்று இரண்டு வருடமாகச் சொல்லிவந்ததை எல்லாம் சொல்லத் தொடங்கினேன். மகள் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். அந்தப் பிடரி அசையவே இல்லை. பேச்சை நிறுத்தினேன்.

"மேல போறேன்" என்றேன்.

"போ. வெயில்ல நிக்காத, தொட்டி நெழல்ல உக்காரு."

மேலே போய்த் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தேன். தாம்பாளத்தைப் பக்கத்தில் வைத்தேன். கீழே குரல் மறுபடி தொடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தொடங்கியது. குனிந்து, வாங்கினாளா என்று கேட்கக் கூடாதென்று என்னையே அதட்டிக்கொண்டேன். ஒரு முறை குனிந்துவிட்டேன். ஆனால் கத்திக் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய இரண்டாவது நாள் கோரிமேட்டுக்குப் போனோம். எடை பார்க்கும் இடத்தில் மாமியாரையே தூக்கி உட்கார வைக்கச் சொல்லிவிட்டு நான் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றேன். நர்ஸ் எண்ணைச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. மருத்துவர் அறையில்தான் தெரிந்தது. கொஞ்சமாக, ஆனால் ஏறியிருந்தது.

"பரவால்லயே. இப்போதைக்கு ரத்தமெல்லாம் வேணாம். இப்படியே போகட்டும். அடுத்த மாசம் பாப்போம்" என்றார். "என்ன மாத்தினீங்க?"

நான் வாயைத் திறந்தேன். டிஷ், தாம்பாளம், கரண்ட் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. "இவங்க ஊட்டறாங்க" என்று மாமியாரைக் காட்டினேன். மாமியார் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மருத்துவரின் மேசை அதிர்கிற குரலில், "டிவியெல்லாம் போடறதில்ல டாக்டர்!" என்றார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பஸ்ஸில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஊசி இல்லை. அதை நானே எனக்கு இரண்டு மூன்று முறை சொன்னேன். பிறகு, அன்று போட்டிருந்த கவுன் சென்ற முறை போட்டதைவிடக் கனமோ என்று யோசித்தேன். பிறகு, கிண்ணம் என் கைக்கு எப்போது திரும்பி வரும் என்று. மாமியார் ஜன்னலோரம் மகளை மடியில் வைத்துக்கொண்டு, வேர்க்கடலையை ஒவ்வொன்றாக நசுக்கி அவள் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். கேட்டால் கொடுத்துவிடுவார். கேட்டால் மகள் வாயை மூடிக்கொள்வாளா? கேட்டுப் பார்க்கத் துணியவில்லை, இன்னும்.

எங்கள் வீடு, மீனவர்கள் இருக்கிற வைத்திக்குப்பத்தை ஒட்டிய தெருவில். இப்போது காலையில் கஞ்சி ஆறியதும் நான் பையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறேன். வீட்டுக்குள்ளேயே வேறு அறையில் இருக்க முயன்றேன்; முடியவில்லை, கதவு வரைக்கும் வந்துவிடுகிறேன். இன்று காலையிலும் போனேன். படகுகள் கரை ஏறியிருந்தன. நான் வழக்கமாக மீன் வாங்குகிற அக்கா கூடையைத் தள்ளி, "என்னாம்மா, நேத்துதானே சங்கரா வாங்கின? தெனமும் மீனா? வூட்டுல சண்டையா?" என்றார்.

"சண்டையெல்லாம் இல்லக்கா."

"பின்ன காலங்காத்தால இங்க வந்து நிக்கற?"

"குழந்தைக்கு ஊட்டிட்டு இருக்காங்க."

"யாரு?"

"எங்க அத்தை."

"நல்லதாப் போச்சு. நீ ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அரைக் கிலோ கேட்டேன். அவர் எடை போட்டுவிட்டு அரிவாள்மனையை இழுத்துப்போட்டு, செதிலைத் தட்ட ஆரம்பித்தார். கை அவ்வளவு வேகம். இந்த வேகத்தில் போனால் நான் வீட்டுக்குப் போகும்போது கிண்ணம் பாதிதான் காலியாகியிருக்கும்.

"அக்கா, மெதுவாவே ஆயுங்க."

அவர் கையை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் சீக்கிரம் சீக்கிரம்னு உசுர எடுப்பாங்க. நீ என்னாடான்னா மெதுவாங்கற."

"அவசரம் இல்லக்கா" என்றேன். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கூடையை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தேன்.